கதவைத் தட்டினால் திறக்க ஓர் ஆள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் ஆர்டெல் கோடெட்டை அவள் வீட்டு அடுப்படி மேஜையில், கையில் ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டு வந்தோம். நல்ல செய்திதான். ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் ஓர்ஃபீல்ட் என்ற ஊர், தன் பழைய மரமண்டபத்தை அப்படியே தூக்கி கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, மேட்டுப் பக்கம் நகர்த்தி வைக்கும் வேலையை கோடெட் கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. இருநூறு வருஷத்துக் கட்டிடம் அது. ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்து, இப்போது பின்படிக்கட்டிலிருந்து இருபது அடியில் ஓடுகிறது.

சந்தோஷத்தில் ஆர்டெல் கடிதத்தின் கடைசி வரியைப் படிக்காமலே மடித்து வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அதை மகள் கொரின் படித்தாள். கோடெட் வெர்மான்ட் மாநிலத்துக் கம்பெனி. அக்கரை மாநிலத்தில் தொழில் செய்யப் பதிவு செய்துகொண்ட பத்திரத்தை இன்று, அதாவது அதே வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்குள் ஊர் நிர்வாகக் குழுவிடம் தர வேண்டும். தராவிட்டால் வேலை அடுத்த இடத்தில் இருக்கும் மாசசூசெட்ஸ் கம்பெனிக்குப் போய்விடும்.

கொரின் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். ஆர்டெல் தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓமேர் இறந்து பதினான்கு மாதமாகிறது. அதற்குப் பிறகு கம்பெனிக்கு வந்ததெல்லாம் சாய்ந்த கொட்டகைகள் இரண்டு, ஒரு கோழிக்கூடு. இந்த வேலையும் போனால் இரும்பு உத்தரங்களையும் கட்டிடத்தைத் தூக்கும் ஜாக்கிகளையும் விற்றுவிட்டுக் கதவைச் சாத்துவது என்று ஆர்டெல் முடிவு செய்திருந்தாள். மெய்ன் மாநிலத்திலிருந்து ஒருவர் அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகவும் பேச்சு. எட்டு வயதிலிருந்து வீடுகளுக்கு அடியில் ஊர்ந்து வளர்ந்த கொரினுக்கு இது தெரியும். தனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். அக்கரைக்காரர்களின் படிவம் வந்தது. தலைப்பிலேயே கோடெட்டை அந்நியக் கம்பெனி என்று போட்டிருந்தார்கள்.

"அந்நியமா?" என்றாள் ஆர்டெல். "முப்பது வருஷமா என் பல் டாக்டர் அங்க. வரி கிடையாதுன்னு ஜாமான் வாங்கறது அங்க. இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா அவங்க மாடு தெரியுது."

"வெளி மாநிலம்னா அப்படித்தான் எழுதுவாங்கம்மா. கோவிச்சுக்க இன்னிக்கு நேரமில்ல."

படிவத்தோடு ஒரு நற்சான்றிதழ் வைக்க வேண்டும். இந்தக் கம்பெனி எங்கள் மாநிலத்தில் ஒழுங்காக இருக்கிறது என்று வெர்மான்ட் அரசு தரும் ஒரு தாள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் கொரின் பொத்தானை அழுத்தினாள். கம்பெனி ஒழுங்கில் இல்லை என்று திரை சொன்னது. வருடாந்திர அறிக்கை வரவில்லையாம். நினைவூட்டல் எல்லாம் கம்பெனியின் பொறுப்பாளருக்கு அனுப்பப்பட்டதாம். பொறுப்பாளர் பெயர்: ஓமேர் கோடெட்.

அப்பா போன விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லையா என்று கொரின் கேட்டாள்.

"சொன்னேனே. மறுநாளே போய் பெர்னிஸ்கிட்ட சொன்னேன்."

பெர்னிஸ் அவர்கள் ஊரின் எழுத்தர். அந்த ஊரில் நிலப் பத்திரம், கல்யாணம், வாக்காளர் பட்டியல், நாய் லைசென்ஸ் எல்லாமே பெர்னிஸ் கையில். ஓமேர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, பெர்னிஸும் ஆர்டெலும் சேர்ந்து அழுதார்கள். பெர்னிஸுக்குத் தெரிந்தால் அரசாங்கத்துக்கே தெரிந்த மாதிரி என்று ஆர்டெல் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதையேதான் செய்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கொரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவறிய அறிக்கையை அங்கேயே நிரப்பினாள். அபராதத்தையும் கட்டினாள். ஓர் இடத்தில் மட்டும் கம்ப்யூட்டரை அம்மா பக்கம் திருப்பினாள். கம்பெனித் தலைவர் என்ற கட்டத்தில் ஓமேரின் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

ஆர்டெல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் சாமான் பட்டியல் எழுதியிருக்கிறாள், ஆட்களுக்குச் சாப்பாடு கட்டியிருக்கிறாள், மழையில் கொடி பிடித்து லாரிகளை நிறுத்தியிருக்கிறாள். கம்பெனிக் காகிதம் ஒன்றில் தன் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும், எழுத்துப் பிழை இல்லையே என்று மட்டும் கேட்டாள்.

பத்து மணிக்கு நற்சான்றிதழ் வந்துவிட்டது.

அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெளி மாநிலக் கம்பெனிக்கு அக்கரையில் ஒரு முகவர் வேண்டும். கம்பெனி பெயருக்கு வரும் நோட்டீஸ்களை வாங்கிக்கொள்ள, தெரு விலாசத்தோடு ஓர் ஆள். இதற்கென்றே காசு வாங்கிக்கொண்டு விலாசம் தரும் கம்பெனிகள் தலைநகரில் நிறைய உண்டு. கொரின் அப்படி ஒன்றை அமர்த்தப் போகும்போது கடிதத்தை மறுபடி பார்த்தாள். நல்ல வேளை பார்த்தாள், அதில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது.

சில வருஷத்துக்கு முன் ஓர்ஃபீல்டின் பள்ளிக்கூரையை மாற்ற வந்த ஒரு வெளியூர்க்காரர், பாதிக் கூரையோடு காணாமல் போனார். ஊர்க்காரர்கள் தேடிப் போனால் அவருடைய விலாசம் தலைநகரில் ஒரு தபால் அலமாரி. அந்தக் கோபத்தில் அடுத்த ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். இனி ஊர் வேலைக்கு வருகிற எந்தக் கம்பெனிக்கும் முகவராக இருப்பவர் இந்த மாவட்டத்தில் குடியிருக்கும் ஆளாக இருக்க வேண்டும். வேலை நேரத்தில் போய்த் தட்டினால் அவரே கதவைத் திறக்க வேண்டும்.

ஆர்டெல் பல் டாக்டருக்குப் போன் செய்தாள். கோர்ட்டு காகிதமெல்லாம் தன்னிடம் வரும் என்றதும் அவர் மரியாதையாக விலகிக்கொண்டார். தேவாலயத்து நண்பர் ஒருவர் அப்போது ஊரில் இல்லை, புளோரிடாவில் இருந்தார்.

"சித்தப்பா இருக்காரேம்மா," என்றாள் கொரின்.

ஆர்டெல் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

இந்தக் கதையைப் புதிதாகப் படிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெஜிஸ் கோடெட், ஓமேரின் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன் ஓர் அக்டோபரில், ஒரு கொட்டகை ஜாக்கிகளின் மேல் நிற்கும்போதே, அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு வேலையிலிருந்து இறங்கிப் போனவர். அக்கரைக்குப் போய், அதே ஓர்ஃபீல்டில் புல்வெட்டி ரிப்பேர் கடை வைத்துக்கொண்டார். அந்தக் கொட்டகையை ஓமேர் இரண்டு இரவு தூங்காமல் ஒற்றை ஆளாகத் தாங்கினார். ஆர்டெல் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஓமேரின் அடக்கத்துக்கு வந்தவர் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, கை குலுக்காமல் போனார்.

"நான் கேக்க மாட்டேன்," என்றாள் ஆர்டெல்.

"நான் அவங்க தலைநகருக்குப் போறேன். ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். நேர்ல போய் நின்னாத்தான் இன்னிக்கே குடுப்பாங்க. சித்தப்பா கையெழுத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அனுப்பலேன்னா அந்த மெய்ன்காரருக்கு நானே போன் பண்ணி வரச் சொல்லிடறேன்."

அப்போதுதான் மகளுக்கு எல்லாம் தெரியும் என்பது ஆர்டெலுக்குப் புரிந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தன் கோட்டை மாட்டினாள். வெறுங்கையோடுதான் போனாள். பலகாரம் எடுத்துப் போனால் சமாதானத்துக்கு வந்த மாதிரி ஆகிவிடுமாம்.

ரெஜிஸின் வீடு ஓர்ஃபீல்ட் ஊர்த்திடலுக்கு எதிரே, கடைக்குப் பின்னால். கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் சாய்வு நாற்காலியில், காலடியில் தலையணையோடு கிடந்தார். இடுப்பு மூட்டை மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் நடக்கப் பிடித்துக்கொள்ளும் நாலுகால் சட்டம் நின்றது.

"உக்காரு ஆர்டெல்," என்றார். "நான் எழுந்து வரவேற்கணும்னா நாளாகும். அதுக்குள்ள நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவ."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை நீட்டினாள். அவர் அதை மெதுவாக, பின்பக்கம் வரை திருப்பிப் படித்தார். தான் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டார். வேலை நேரத்தில் இந்த விலாசத்தில் இருக்க வேண்டும், யாராவது காகிதம் கொண்டுவந்தால் வாங்கித் தங்களிடம் தர வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

"அதாவது ஒரே இடத்துல உக்காந்திருக்கணும். நான். ஓமேர் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

ஆர்டெலுக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள். ஒரு ஜாக்கி ஏறி முடிவதற்குள் மூன்று தடவை சிகரெட்டுக்குப் போகிற ஆள் ரெஜிஸ்.

"டாக்டர் ஆறு வாரம் அசையாதேன்னாரு. இப்போ கவர்மென்டும் அதையே சொல்லுது," என்றார் ரெஜிஸ். பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார். "இந்தப் பேப்பர் கேக்குது. நீ இன்னும் கேக்கல."

ஆர்டெல் ஜன்னலைப் பார்த்தாள். திடலுக்கு அப்பால் வெள்ளை மண்டபம் ஆற்றங்கரையில் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க, தனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. விற்கவும் வேண்டாம், சாத்தவும் வேண்டாம். தன் பெயரில் ஒரு கட்டிடமாவது நகர வேண்டும்.

"ரெஜிஸ், நீ எங்களுக்கு வேணும்," என்றாள். சொல்லி முடித்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

தலைநகர் அலுவலகத்தில் கொரினுக்கு அந்தப் படம் இரண்டு மணி பத்துக்கு வந்தது. அதுவரை அவள் வரிசையில் தன் முறை வந்தும், பின்னால் நின்றவர்களை நான்கு தடவை முன்னே விட்டிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் நற்சான்றிதழின் தேதியைப் பார்த்தார். இன்றைய தேதி.

"இவ்வளவு சூடா யாரும் கொண்டு வந்ததில்ல," என்று முத்திரையைக் குத்தினார்.

மூன்று நாற்பதுக்கு கொரின் ஓர்ஃபீல்ட் நிர்வாக அலுவலகத்தில் மூச்சிரைக்க நின்றாள். மாசசூசெட்ஸ் கம்பெனியின் கிரெய்க், சேறே பார்க்காத பூட்ஸோடு, முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவி லெவினா டன்பார் எழுபது வயதுக்காரர், ஒரு வார்த்தை அதிகம் பேசினால் வரி கேட்பார்களோ என்று பேசுகிறவர். பத்திரத்தை ஒரு முறை படித்துவிட்டு, "சரி," என்றார்.

கிரெய்க் கையைத் தூக்கினார். குறிப்பிட்டிருக்கும் முகவர் அறுவை சிகிச்சை ஆனவர், எழுந்து நடக்க முடியாதவர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். தட்டினால் அவரே திறக்க வேண்டும் என்பது இந்த ஊரின் தீர்மானம் இல்லையா என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

லெவினா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தொன்பது. "போய்த் தட்டுவோம்," என்று எழுந்தார்.

குழு உறுப்பினர்கள் மூன்று பேர், ஓர்ஃபீல்டின் எழுத்தர், கிரெய்க், கொரின் எல்லோரும் திடலைக் குறுக்காகக் கடந்தார்கள். ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத் திடலோரத்து மளிகைக் கடையிலிருந்து நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்று ஐம்பத்துமூன்றுக்கு லெவினா கதவைத் தட்டினார்.

உள்ளே ஆர்டெல் பாதி எழுந்தாள். கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல், தட்டுகளைக் கழுவிவிட்டு, இவ்வளவு அழுக்கிலா ஒரு மனுஷன் குடியிருப்பான் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"நீ உக்காரு," என்றார் ரெஜிஸ். "இது என் வேலை."

நாற்காலியை நிமிர்த்தினார். சட்டத்தைப் பிடித்தார். முதல் முயற்சியில் எழ முடியவில்லை. இரண்டாவதில் எழுந்தார், முகம் வெளுத்துப் போயிற்று. ஆர்டெல் கைகளை மடியில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைத் தாங்கப் பிடித்தால் நாளைக்கு யாராவது அதையும் ஒரு குற்றமாகச் சொல்லலாம். நாற்காலியிலிருந்து கதவுக்குப் பதினைந்து அடி.

வெளியே எல்லோரும் கதவை நெருங்கி நின்றார்கள். உள்ளே சட்டம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. எழுத்தர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கிரெய்க்கும் பார்த்தார். கொரின் மட்டும் பார்க்கவில்லை, கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கதவு திறந்தது. நெற்றி வியர்வையோடு ரெஜிஸ் நின்றார்.

"கோடெட் கம்பெனிக்கு ஏதாவது காகிதம் இருக்கா?" என்றார்.

மளிகைக் கடைக்காரர் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். லெவினா டன்பார் அந்த வாசலிலேயே, ரெஜிஸின் கதவில் தாளை வைத்து, வேலை கோடெட் கம்பெனிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொரின் உள்ளே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். ஆர்டெலும் அழுதாள். பதினான்கு மாதத்தில் அவள் சந்தோஷமாக அழுதது அன்றைக்குத்தான்.

கூட்டம் கலைந்த பிறகும் கிரெய்க் போகவில்லை. பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்தார். கோடெட் கம்பெனிக்கு இந்த மாநிலத்தில் முகவர் என்று ஒருவர் வந்துவிட்டதால், இதை அவரிடமே முறைப்படி தந்துவிடலாம் என்றார். தந்துவிட்டுப் போனார்.

ரெஜிஸ் உறையின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தார். வாங்கிக் கொடுப்பதுதான் தன் வேலை என்பது போல் அப்படியே ஆர்டெலிடம் நீட்டினார்.

அவள் அதை உடனே பிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு உத்தரங்கள் இறங்கும், எந்த மூலையில் முதல் ஜாக்கி என்று சொல்ல அவர் வேண்டும் என்றாள்.

"என்னால நடக்க முடியாதே ஆர்டெல்."

"நீ நடக்க வேண்டாம். கட்டிடம்தான் நடக்கணும்."

ரெஜிஸ் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. கொரினும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆர்டெல் உறையைக் கிழித்திருந்தாள்.

உள்ளே ஒரு வக்கீல் கடிதம், அதோடு ஒரு பழைய ஒப்பந்தத்தின் நகல். தானோ தன் கம்பெனியோ ஆற்றுக்கு அக்கரையில் எந்தக் கட்டிடத்தையும் நகர்த்துவதில்லை என்று ஒருவர் அந்த மாசசூசெட்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கீழே ஓமேரின் கையெழுத்து. அது அவர் கையெழுத்துத்தான், ஆர்டெலுக்குத் தெரியாததா. தேதி ஆறு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர்.

கொரின் தாளைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தாள். அக்கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் அப்பா ஏன் போகவே மாட்டார் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ரெஜிஸ் மட்டும் அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அதை ஆர்டெல் கவனித்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்," என்றார் ரெஜிஸ். "இதுல கையெழுத்துப் போடாதேன்னு அவன்கிட்ட சொன்னேன். போட்டான். அன்னிக்குத்தான் நான் கொட்டகையை விட்டு இறங்கினேன்."

ஆறு வருஷமாக அவரைப் பற்றித் தான் ஊரெல்லாம் பேசியது ஆர்டெலுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்றவரைத் திரும்பிக்கூடப் பார்க்காததும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதோடு, செத்துப்போன புருஷன் மேல் முதல் தடவையாகக் கோபமும் வந்தது.

லெவினா கையெழுத்துப் போட்ட தாளை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் பத்திரமாக வைத்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து ரெஜிஸுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"திங்கட்கிழமை ஆறரைக்கு உத்தரம் இறங்கும், ரெஜிஸ். எந்த வக்கீல் எழுதினாலும் அது மாறாது," என்றாள். "இப்போ நீ முதல்லேர்ந்து சொல்லு."